பிறர் காணும் விளக்கு

ஒரு வண்டியின் உறுப்புகளை ஆராய்ந்து பார்த்தால், சில ஓட்டுகிறவருக்காகவும் சில பிறருக்காகவும் அமைந்திருப்பது புலப்படும். பிரேக் பிடிக்கவில்லையென்றால் அன்றே பட்டறைக்கு விரைகிறோம். முன்விளக்கு அணைந்தால் நமக்கே சாலை தெரியாது; ஆகையால் அதற்கும் உடனே பரிகாரம் தேடுகிறோம். ஹாரன் ஒலிக்காத வண்டியை நம் ஊர்த் தெருக்களில் ஒரு பர்லாங்கு தூரம்கூட ஓட்ட முடியாது என்பது நமது நம்பிக்கை. ஆனால், திரும்பும் திசையைக் காட்டும் இண்டிகேட்டர் விளக்கின் கதை வேறு. அது கெட்டுப்போனால் ஓட்டுகிறவருக்கு ஒரு குறையும் இல்லை. வண்டி வழக்கம்போல் ஓடும், வழக்கம்போல் திரும்பும், வழக்கம்போல் சுமை ஏற்றும். குறை முழுவதும் பின்னால் வருகிறவருக்கும் எதிரே வருகிறவருக்குமே உரியது. தூத்துக்குடித் துறைமுகச் சாலையின் ஓரத்தில் சிறிது நேரம் நிற்பவர்கள், அந்த விளக்கு உடைந்தும் பல்பு இழந்தும் ஓடும் வண்டிகள் பலவற்றைக் காணலாம். அவற்றின் ஹாரன்களோ மிக நேர்த்தியாக ஒலிக்கும்.

எங்கள் குடும்பம் மீன் ஏற்றும் பிக்கப் வண்டி ஒன்றை நம்பிப் பிழைக்கும் குடும்பம். தூத்துக்குடியின் விசைப்படகுகள் விடியுமுன் கடலுக்குச் சென்று இரவில் கரை திரும்புபவை. ஆகவே எங்களுக்கும் வேலை இரவில்தான். மீன்பிடித் துறைமுகத்தில் ஏலம் முடிந்து, பெட்டிகளை உரிய இடங்களில் இறக்கிவிட்டு, கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே வடக்கு நோக்கி வீடு திரும்புவோம். கடல் எங்களுக்கு வலப்பக்கம், ஊர் கடலோரம். எனவே ஒவ்வோர் இரவும் நெடுஞ்சாலையின் நடுவே வேகத்தைக் குறைத்து, எதிரே வரும் வண்டிகளுக்கு வழிவிட்டு நின்று, வலப்பக்கம் திரும்பியாக வேண்டும். சாலையோரத்தில் விளக்குக் கம்பங்கள் இல்லை. உப்பு ஏற்றிய லாரிகள் பின்னால் வந்துகொண்டே இருக்கும். முன்னே செல்லும் சிறிய வண்டி வேகம் குறைந்தால் லாரிக்காரர் என்ன நினைப்பார்? ‘இவன் ஓரம்கட்டப் போகிறான், முந்திவிடலாம்’ என்றுதான் நினைப்பார். அவர் முந்துவதும் வலப்பக்கம்; நாங்கள் திரும்புவதும் வலப்பக்கம். இரண்டும் ஒரே நொடியில் நிகழாமல் காப்பது, அந்த மஞ்சள் விளக்கு ஒன்றுதான்.

அந்த வலப்பக்க விளக்குதான் ஒரு வியாழக்கிழமை இரவு எரிய மறுத்தது.

கையை நீட்டிக் காட்டலாமே என்று வாசகர்கள் கேட்கலாம். 1989-ஆம் ஆண்டில் வெளியான சாலை விதிமுறைகளில் கைச் சைகைகள் தெளிவாகவே எழுதப்பட்டிருந்தன. வலப்பக்கம் திரும்ப, வலக்கையை வெளியே நேராக நீட்ட வேண்டும். இடப்பக்கம் திரும்ப, அதே கையை நீட்டி, கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழற்ற வேண்டும். முற்காலத்து லாரிகளில் இடப்பக்கத்துச் சைகையைக் கிளீனர் பார்த்துக்கொள்வார்; கதவைத் தட்டி ஒலியெழுப்புவதும் அவர் வேலையே. ‘மாரிஸ் மைனர்’ போன்ற பழைய கார்களில், கதவுகளுக்கு இடையேயுள்ள தூணிலிருந்து சிறியதொரு கை விளக்கோடு வெளியே நீண்டு நிற்கும். மனிதக் கைக்குப் பதிலாக இரும்புக் கை! பகலில் இவை யாவும் போதும். இருளில், ஐம்பது கஜத்துக்கு அப்பால், மீன்பெட்டிகளின் அகலத்துக்குப் பின்னால், ஒரு மனிதனின் கையை யார் காண்பார்? இருந்தும் வியாழன், வெள்ளி, சனி ஆகிய மூன்று இரவுகளும் நாங்கள் அந்த இடத்தில் நேரே திரும்பவில்லை. இடப்பக்கம் ஓரமாக முழுவதும் ஒதுங்கி நின்று, இரு திசையிலும் சாலை வெறுமையான பிறகு, குறுக்கே கடந்து சென்றோம். சில இரவுகளில் கால்மணி நேரம் காத்திருக்க நேர்ந்தது.

முத்துக்குளிப்பை அறிந்த கரை எங்களுடையது. கல்லில் கால் வைத்துக் கடலடிக்குச் சென்றவருக்கும் படகில் நின்றவருக்கும் இடையே பேச்சு கிடையாது. கயிறு ஒன்றே பேச்சு. கீழிருப்பவர் அதை அசைத்தால் மேலிருப்பவர் இழுக்க வேண்டும். அக்கயிற்றைப் பிடிக்க மைத்துனரையே நிறுத்துவார்கள் என்று ஊரில் பெரியவர்கள் சொல்வதுண்டு; தன் தங்கை கைம்பெண் ஆவதை எந்த அண்ணன் பொறுப்பான்? 1961-க்குப் பின் முத்துக்குளிப்பு நடைபெறவில்லை. ஆயினும் சொல்லாமல் சொல்லும் குறிப்பு ஒன்று தவறினால் என்ன ஆகும் என்பதை எங்கள் முதியோருக்கு விளக்க வேண்டிய அவசியமே இல்லை. எங்கள் வீட்டு அம்மா இரவு இரண்டு மணிவரை விழித்திருந்தது அதனால்தான்.

பட்டறையில் கேட்டபோது, வேலை நிறைய இருப்பதால் வண்டியை இரண்டு நாள் விட்டுச்செல்லும்படி கூறினார்கள். அது அவர்கள் குற்றமன்று. ஆனால், இரண்டு நாள் வண்டி நின்றால் எங்கள் வாடிக்கை வேறொருவருக்குப் போய்விடும். ஆகவே பழுது எதுவென்று நாங்களே கண்டறிய முற்பட்டோம். பாலிடெக்னிக்கில் பயிலும் எங்கள் மகள் இதில் முன்னின்றாள்.

பழுதைக் கண்டறிவதில் கருவியைவிட யோசனையே பெரிது என்பதை அவள் செய்துகாட்டினாள். பேட்டரியிலிருந்து வரும் மின்சாரம் முதலில் பியூஸ் வழியாகச் செல்கிறது. பிறகு பிளாஷர் என்னும் சிறு பெட்டிக்கு வருகிறது. விட்டுவிட்டு எரியச் செய்வது அதுதான். அங்கிருந்து ஸ்டியரிங் அடியிலுள்ள சுவிட்ச்சுக்கு வந்து, நெம்புகோலை நாம் தள்ளும் பக்கத்திற்கேற்ப இடமாகவோ வலமாகவோ பிரிந்து, முன்னும் பின்னும் உள்ள பல்புகளை அடைந்து, வண்டியின் இரும்புச் சட்டம் வழியாக எர்த் ஆகித் திரும்புகிறது. எங்கள் வண்டியில் இடப்பக்க விளக்குகள் ஒழுங்காக எரிந்தன. அப்படியானால் பியூஸும் பிளாஷரும் நலமாக உள்ளன. அடுத்து, அபாய அறிவிப்புக்கான ஹசார்டு பொத்தானை அழுத்தினாள். நான்கு விளக்குகளும் ஒருங்கே இமைத்தன. அப்படியானால் வலப்பக்கத்துப் பல்புகளும் அவற்றின் எர்த்தும் நலமே. எஞ்சியது, மின்சாரம் வலப்பக்கம் பிரியும் அந்த ஒரே இடம், அதாவது சுவிட்ச். ஐந்து நிமிடத்தில், ஒரு திருகைக்கூடத் தொடாமல், நோய் இன்னதென்று தெரிந்துவிட்டது. பின்னர் டெஸ்ட் லாம்பை வைத்தும் பார்த்தோம். சுவிட்ச்சுக்குள் வரும் வயரில் விளக்கு இமைத்தது. வலப்பக்கம் வெளிச்செல்லும் வயரில் இருளே.

ஹசார்டு பொத்தானைப் பற்றி இங்கே ஒன்று சொல்லத் தோன்றுகிறது. நாற்சந்தியில் நேராகச் செல்வதற்கு அடையாளமாக நான்கு விளக்குகளையும் எரியவிடும் பழக்கம் நம் நாட்டில் பரவியிருக்கிறது. நேராகச் செல்ல எந்தச் சைகையும் வேண்டியதில்லை. இடத் தெருவிலிருந்து வருபவருக்கு உங்கள் வண்டியின் இடப்பக்க விளக்கு மட்டுமே தெரியும். நீங்கள் தன் தெருவுக்குள் திரும்புவதாக எண்ணி அவர் வண்டியை எடுப்பார். அது வண்டி பழுதாகி நிற்கும்போது பயன்படுத்துவதற்கான விளக்கு. பேசத் தெரியாத விளக்கைவிடத் தவறாகப் பேசும் விளக்கு கொடியது.

சுவிட்ச் ஏன் கெட்டது? எங்கள் கடற்கரையில் எந்த உலோகமும் நெடுங்காலம் வாழ்வதில்லை. இந்தியாவில் குஜராத்துக்கு அடுத்தபடியாக உப்பு விளைவிப்பது தமிழ்நாடு. அதிலும் பெரும்பகுதி எங்கள் மாவட்டத்தில் விளைவது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் உப்பளத்துத் தூசியும், கொண்டல் வீசும்போது கடலின் ஈரமும் திறந்த ஜன்னல் வழியே வண்டிக்குள் நுழைகின்றன. அடுக்களையில் உப்புச் சாடி மழைக்காலத்தில் நீர்விடுவதை இல்லத்தரசிகள் அறிவார்கள். காற்றிலுள்ள ஈரத்தை உப்பு தன்பால் இழுத்துக்கொள்ளும். சுவிட்ச்சின் உள்ளே படிந்த உப்பும் அதையே செய்கிறது. செப்புத் தகடு பச்சைக் களிம்பு ஏறி, மின்சாரத்தைத் தடுக்கிறது. இடப்பக்கம் பிழைத்து வலப்பக்கம் முதலில் மடிந்ததற்கும் காரணம் உண்டு. முந்துவதற்கும் வலம், ஓரத்திலிருந்து சாலைக்கு ஏறுவதற்கும் வலம், வீட்டுக்குத் திரும்புவதற்கும் வலம் என்று அந்தப் பக்கமே அதிகமாக உழைத்திருக்கிறது.

சனிக்கிழமை பகலில் உதிரிபாகக் கடைக்குச் சென்றோம். நெம்புகோலோடு கூடிய இந்த உறுப்பைக் காம்பினேஷன் சுவிட்ச் என்று கேட்க வேண்டும். முன்விளக்கை உயர்த்துவதும் தாழ்த்துவதும் அதிலேயே அடங்கியிருக்கின்றன. வண்டியின் மாதிரி, ஆண்டு, சேசிஸ் எண், கைப்பேசியில் எடுத்த கப்ளரின் படம் ஆகியவற்றைக் காட்டினோம். கம்பெனிச் சரக்கு ஒன்றும், அதைப் போலவே தோற்றமளித்த மலிவுச் சரக்கு ஒன்றும் மேசைமேல் வந்தன. விலை ஏறக்குறைய இரு மடங்கு வேறுபட்டது. மலிவானதன் நெம்புகோல் வலப்பக்கம் தள்ளினால் உறுதியாக அமராமல் தளர்ந்தது. விலையுயர்ந்ததையே வாங்கினோம். நான்கு மாதத்தில் மீண்டும் கழற்றுவதற்கு வேறு யாருக்கேனும் பொழுதிருக்கலாம்.

ஞாயிறன்று எங்கள் கரையில் படகுகள் கடலுக்குச் செல்வதில்லை. காலைத் திருப்பலி முடிந்ததும் வண்டியை வேப்பமரத்தடிக்குக் கொண்டுவந்தோம். கடன் திருநாளில் இரும்பைத் தொடலாமா என்று அம்மா முதலில் முகம் சுளித்தார். பிறகு தாமாகவே, ஓய்வுநாளில் கிணற்றில் விழுந்த மாட்டைத் தூக்கலாம் என்று ஆண்டவர் சொன்னதை நினைவுகூர்ந்து, திருகாணிகளைப் போட்டுவைக்க ஒரு எவர்சில்வர் தட்டையும் எடுத்துவந்தார். அந்தத் தட்டு பிற்பாடு மிகவும் உதவிற்று.

முதல் வேலை, பேட்டரியின் எர்த் வயரைக் கழற்றி ஒதுக்கி வைப்பது. இதைச் செய்யாமல் ஒரு வயரையும் தொடலாகாது. இன்னோர் எச்சரிக்கையும் உண்டு. எங்களுடையது பழைய வண்டி. அதன் ஸ்டியரிங்கில் ஏர்பேக் இல்லை. ஏர்பேக் உள்ள வண்டியில் இந்த வேலையை வீட்டில் செய்யவே கூடாது. அதனுள் இருப்பது வெடித்து விரியும் பொருள். பயிற்சி பெற்றவர்களிடம் விட்டுவிட வேண்டும்.

சக்கரங்களை நேராக நிறுத்தி, ஸ்டியரிங் நடுவிலுள்ள ஹாரன் மூடியைப் பிதுக்கி எடுத்து, அதன் வயரைப் பிரித்தோம். உள்ளே பெரிய நட்டு ஒன்று இருந்தது. அதைத் தளர்த்துவதற்குமுன், ஸ்டியரிங் சக்கரத்திலும் அதன் தண்டிலும் சுண்ணக்கட்டியால் ஒரே கோடாக அடையாளம் இட்டோம். மீண்டும் பூட்டும்போது ஒரு பல் பிசகினாலும் வண்டி நேரே செல்லுகையில் ஸ்டியரிங் கோணலாக நிற்கும். நட்டை முழுவதும் எடுத்துவிடாமல் நான்கைந்து மரை அளவு விட்டுவைத்தோம். இறுகிப்போன சக்கரத்தை இரு கையாலும் முன்பின் அசைத்து இழுக்கும்போது அது திடீரென்று விடுபடும்; நட்டு இல்லையென்றால் இழுத்தவரின் மூக்கு உடையும். சுத்தியலால் தண்டைத் தட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். மரை சிதைந்துவிடுமாதலால் நாங்கள் அதற்கு உடன்படவில்லை. அரைமணி நேரம் பொறுமையாக அசைத்ததில் சக்கரம் இசைந்தது. (சில வண்டிகளில் சக்கரத்தைக் கழற்றாமலே சுவிட்ச்சை எடுத்துவிடலாம். அவ்வண்டிக்காரர்கள் பாக்கியவான்கள்.)

பிறகு தண்டைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் உறையின் திருகாணிகளைக் கீழிருந்து கழற்றினோம். அவை எல்லாம் ஒரே நீளம் அல்ல; எது எந்தத் துளைக்கு உரியதோ அந்த வரிசையிலேயே அம்மாவின் தட்டில் அடுக்கினோம். மகள் ஒவ்வொரு கட்டத்தையும் கைப்பேசியில் படமெடுத்துக்கொண்டாள். கப்ளரைப் பிரிக்கும்போது வயரைப் பிடித்து இழுக்காமல், அதன் பக்கத்திலுள்ள பூட்டை அழுத்தி இழுக்க வேண்டும். பழைய சுவிட்ச் கையோடு வந்தது. புதியதை அருகில் வைத்து ஊசிகளின் எண்ணிக்கையையும் வயரின் நிறங்களையும் ஒப்பிட்ட பின்னரே பொருத்தினோம்.

சுவிட்ச்சின் உள்ளமைப்பில் எங்களை வியக்கவைத்த பகுதி, நெம்புகோல் தானாகவே நடுநிலைக்குத் திரும்பும் ஏற்பாடு. ஸ்டியரிங்கோடு சுழலும் வளையத்தில் சிறு மேடு ஒன்று இருக்கிறது. நாம் திரும்புகையில் அது சுவிட்ச்சிலுள்ள நாக்கை உரசிக்கொண்டு சென்றுவிடுகிறது. திரும்பி முடித்து ஸ்டியரிங் நேராகும்போது, எதிர்த்திசையில் வந்து அதே நாக்கைத் தள்ளி, நெம்புகோலை விடுவிக்கிறது. ஒரு வில்லும் ஒரு விரல்நகம் அளவு பிளாஸ்டிக்கும் செய்யும் வேலை இது. இந்த நாக்கு உடைந்த வண்டிகள்தாம், திரும்பி மூன்று மைல் சென்ற பிறகும் விளக்கை இமைத்துக்கொண்டு பின்வருபவர்களைக் குழப்புகின்றன.

உறையை மூடுவதற்கு முன்பே பேட்டரியை இணைத்துச் சோதித்துப் பார்த்தோம். இடம் எரிந்தது, வலம் எரிந்தது, முன்விளக்கு உயர்ந்தது, தாழ்ந்தது. 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி இவ்விளக்கு நிமிடத்துக்கு 60 முறைக்குக் குறையாமலும் 120 முறைக்கு மேற்படாமலும் இமைக்க வேண்டும். மகள் கடிகாரத்தைப் பார்த்து எண்ணினாள், எண்பத்துநான்கு. அதன்பின் பேட்டரியை மீண்டும் கழற்றி, எல்லாவற்றையும் பூட்டி, சுண்ணக்கோடு சேர்ந்திருக்கச் சக்கரத்தை அமைத்து நட்டை இறுக்கினோம். ஆனால் அந்த நட்டை எங்கள் கை வலிமையை மட்டும் நம்பி விட்டுவிட மனம் ஒப்பவில்லை. இண்டிகேட்டர் எரிவதற்காக ஸ்டியரிங் கழன்றுவிடக் கூடாதல்லவா! திங்கட்கிழமை காலை, சுமை ஏற்றுமுன், பட்டறையில் டார்க் ரெஞ்ச் வைத்துக் குறித்த அளவுக்கு இறுக்கித் தரும்படி கேட்டுக்கொண்டோம். இரண்டே நிமிட வேலை. அவர்கள் காசு வாங்கவில்லை.

பழைய சுவிட்ச்சைப் பழைய செய்தித்தாளின்மேல் வைத்துப் பிரித்துப் பார்த்தோம். வலப்பக்கச் செப்புமுனை பாசி படிந்த படித்துறைபோல் பச்சைபூத்துக் கிடந்தது. நடுவே கருகிய புள்ளி ஒன்று. உப்புத்தாளால் தேய்த்தால் மீண்டும் வேலை செய்யும் என்று பக்கத்து வீட்டார் கூறினார். செய்யும்தான், சில வாரம். முனையின்மேல் உள்ள மெல்லிய பூச்சு தேய்ந்துவிட்டால் களிம்பு முன்னைவிட விரைவாக ஏறும். வேறு வழியில்லாத இடத்தில் அது கைகொடுக்கலாம். முன்விளக்குப் பகுதியும் சற்றுப் பழுப்பேறி இருந்தது. அலங்காரத்துக்காகக் கூடுதல் விளக்குகளை ரிலே இல்லாமல் இந்தச் சுவிட்ச்சிலேயே இணைப்பவர்களுக்கு இது விரைவில் கருகிவிடும். எங்கள் வண்டியில் அத்தகைய அலங்காரம் ஏதும் இல்லை. இனிமேல் மாதந்தோறும் கப்ளர்களைத் துடைப்பதென்றும், மீன்தண்ணீர் வடியும் பின்விளக்குகளின் எர்த் திருகாணியில் சிறிது கிரீஸ் தடவுவதென்றும் தீர்மானித்திருக்கிறோம்.

திங்கள் இரவு அந்தத் திருப்பத்தில் வலப்பக்க விளக்கை எரியவிட்டு நின்றோம். பின்னால் வந்த லாரி வேகத்தைத் தணித்து, எங்கள் இடப்பக்கமாக ஒதுங்கிச் சென்றது. அவ்வளவுதான் நடந்தது. ஓட்டுநர் எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

செய்தி தெருவில் பரவ, அடுத்த ஞாயிறு வேப்பமரத்தடியில் மூன்று வண்டிகள் நின்றன. ஒன்றில் இண்டிகேட்டர் படபடவென்று மிக வேகமாக இமைத்தது. அப்படி இமைத்தால் அந்தப் பக்கத்தில் ஒரு பல்பு போய்விட்டதென்று பொருள். பல்பு மாற்றியதும் சரியாயிற்று. இரண்டாவதில் பின்விளக்கின் எர்த் திருகாணி துருவாக உதிர்ந்திருந்தது. இரும்பைச் சுரண்டி வேறு திருகாணி போட்டோம். மூன்றாவதற்கு எங்களுடையதைப் போலவே சுவிட்ச் போயிருந்தது. அந்த மாதிரிக்கு இங்கே சரக்கு இல்லையென்று மதுரைக்குச் சொல்லியிருக்கிறார்கள். அது வந்துசேரும் வரையில் அவர் இருட்டுமுன் ஊர் திரும்பிவிடுகிறார்.